காம்பர்ஸ்கியின் திராட்சை

கிஷினோவ், மால்டேவியா, சோவியத் யூனியன்
5 செப்டம்பர் 1978

பூங்கோதையின் அப்பாவுக்கு,

பாலம் விமான நிலையத்துக்கு நீங்கள் வரவில்லை. கண்ணாடிக் கதவையே கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். மல்ஹோத்ரா சார், "ராஜமாணிக்கம் நஹீ ஆயா?" என்று மூன்று தடவை கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். ஆபீசில் யாராவது விசாரித்தால் கொஞ்சம் இருமிக் காட்டுங்கள்.

இந்தப் பயணம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. எனக்குத் தெரியாதா? வந்திருக்கும் மூன்று அதிகாரிகளில் ஒருவர் மாம்பழம், ஒருவர் உருளைக்கிழங்கு. மல்ஹோத்ரா சாருக்குத் திராட்சை என்றால் விதையில்லாத பச்சைத் திராட்சை, அதோடு முடிந்தது. இதில் திராட்சைக்காரர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் இடத்தை நான் பிடுங்கவில்லை. உங்கள் பேனா பிடுங்கியது. 'பிரிவுத் தலைவருக்கு விதையுள்ள பழத்தைக் கண்டாலே பயம்' என்று ஃபைலில் எழுதிவிட்டு, அவரே கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவார் என்று எதிர்பார்த்தால் எப்படி? என்னை அமைச்சகம் கூப்பிட்டது நான் மூன்று வருடம் சாயங்கால வகுப்பில் ரஷ்ய மொழி படித்ததால். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மதுவிலக்கு பேசுகிற அரசாங்கம் எங்களை ஒயின் தேசத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஃபைலில் 'திராட்சைச் சாறு ஆய்வு' என்று போட்டுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது. சாற்றுக்குப் பத்து வயது என்பதை யாரும் எழுதப் போவதில்லை. இங்கே பூமிக்கடியில் சுரங்கம். உள்ளே ஜீப்பில் போகிறோம். தெருத்தெருவாகப் பிரிகிறது, ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் ஒயினின் பெயர். ஜனக்புரியில் நாம் சி-2, சி-3 என்று வழி சொல்வதுபோல இங்கே "கேபர்னே தெருவில் இடது பக்கம் திரும்பு" என்கிறார்கள். நாம் கேள்விப்படாத வகைகள் எத்தனையோ. ஃபெத்தியாஸ்கா என்று ஒன்று, கன்னிப்பெண் திராட்சை என்று அர்த்தமாம். இன்னொன்றின் பெயர் 'அரிய கறுப்பு'. ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்ப வேண்டும். எனக்குச் சரியாகத் துப்ப வரவில்லை. முதல் நாள் மூன்று வாய் விழுங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். கண் என்னுடையது, மூளை உங்களுடையது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஹேமலதா

*

சனக்புரி, புது தில்லி - 58
17 செப்டம்பர் 1978

ஏமலதாவுக்கு,

உன் கடிதம் தூதரகப் பையில் உருண்டு நேற்றுத்தான் வந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. வரவில்லை என்றால் வரப் பிடிக்கவில்லை என்று பொருள். மல்கோத்திராவிடம் என்னைக் காப்பாற்றிப் பேச வேண்டாம்.

யமுனையில் பெருவெள்ளம் வந்து போனது. மாடல் டவுனில் படகு விட்டார்கள். நம் பக்கம் தண்ணீர் வரவில்லை, பாலும் இரண்டு நாள் வரவில்லை. பூங்கோதை நன்றாக இருக்கிறாள். "அம்மா கப் ஆயேகி?" என்று தினமும் கேட்கிறாள். தமிழில் கேள் என்றேன். "அம்மா எப்போ ஆயேகி?" என்றாள். அறுபத்தைந்தில் இந்தி வேண்டாம் என்று மதுரையில் தடியடி வாங்கியவன் வீட்டில் இது நடக்கிறது. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள்.

நீ கேட்டதால் சொல்கிறேன். பழத்தைப் பார்த்து மயங்காதே, இலையைப் பார். அடியில் பஞ்சு இருக்கிறதா, எத்தனை மடலாகப் பிரிகிறது என்று எழுது. எல்லாவற்றுக்கும் மேலாக மணத்தை எழுது. உன் மூக்கை நான் நம்புகிறேன். சாம்பாரில் பெருங்காயம் கூடினால் வாசலிலேயே சொல்கிறவள் நீ.

அலுவலகத் தோட்டத்தில் ஏழாம் வரிசையின் இருபத்து நான்கு கொடிகளும் நலம். எழுபத்து நான்கில் கம்பம் ஊரிலிருந்து குச்சிகளாக வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு இரவு இரண்டு பகல் தொடர்வண்டியில் உன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். உன் பட்டுப்புடவை அதோடு போயிற்று. அந்தக் கொடிகளை மல்கோத்திரா இன்றைக்கும் "மதராசி அங்கூர்" என்றுதான் சொல்கிறார். மதராசித் திராட்சையாம், தள்ளுவண்டிப் பழமாம். விதை இருக்கிறதாம். தில்லியில் மழை தொடங்கும்போது பழுத்து வெடிக்கிறதாம். வெடிப்பது உண்மை, மறுக்கவில்லை. மழைக்கு முன்னே பழுக்க வைக்க வழி இருக்கிறது, அந்தப் பழத்தில் மது செய்தாலும் மணம் போகாது என்று நான்கு ஆண்டாகக் குறிப்பு எழுதுகிறேன். நம் ஊர்த் தெருக்களில் பன்னீர்த் திராட்சை என்று கூவி விற்கும் இந்த வகைக்குப் புத்தகத்தில் ஆம்பர்க்கு மசுகட்டு என்று பெயர். மேல்நாடுகளில் மதிப்புள்ள வகை. அங்கே கண்ணில் பட்டால் ஒரு வரி எழுது. அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், கோப்பில் வைத்து மல்கோத்திராவின் வாயை அடைத்துவிடுவேன்.

இராசமாணிக்கம்

*

கிஷினோவ்
28 செப்டம்பர் 1978

பூங்கோதையின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. திட்டுகிற கடிதமாக இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒரு வேண்டுகோள். ஏமலதா, ஏமலதா என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் நான் எதிலோ ஏமாந்துபோனவள் மாதிரி இருக்கிறது. எங்கப்பா ஒரு 'ஹ' போட்டுத்தான் கல்யாணம் செய்து கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆம்பர்க்கு மசுகட்டைத் தேடினேன். ஆம்பூரில் திராட்சை விளைகிறது என்றே எனக்குத் தெரியாது. அந்த ஊரில் பிரியாணியும் தோல் ஷாப்பும்தான் என்று இருந்தேன். இங்கே நாலு பேரிடம் கேட்டுவிட்டேன். ஆம்பூர் என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் வேறொரு புதையல் கிடைத்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்றுச் சுரங்கத்தில் எங்கள் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாத ஒரு பீப்பாயைத் திறந்தார்கள். அந்த நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், "இது விருந்தாளிக்குக் கொடுப்பதில்லை, நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது" என்று கண்ணடித்தாள். சிவப்பு ஒயின். கிளாஸை மூக்குக்கிட்டே கொண்டுபோனதுமே எனக்கு என்னவோ செய்தது. கல்யாண வீட்டு வாசலில் செம்பிலிருந்து பன்னீர் தெளிப்பார்களே, அந்த மணம். இது எனக்குத் தெரிந்த மணம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. இதை மட்டும் நான் துப்பவில்லை.

பெயர் கேட்டேன். "காம்பர்ஸ்கி" என்றாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு 'ஸ்கி'யில்தான் பெயர் முடிகிறது. இந்த வகையை உண்டாக்கிய விஞ்ஞானியாக இருக்கும் என்று மல்ஹோத்ரா சாரிடம் சொன்னேன். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாஹ்!" என்று நாற்காலியிலேயே நிமிர்ந்துவிட்டார். தில்லிக்கு இதைக் கொண்டுபோயே தீருவேன் என்று குதிக்கிறார். தோட்டம் ஐம்பது மைல் தள்ளி இருப்பதால் செடியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

நான் கண்டுபிடித்தது! மூன்று நிபுணர்கள் வந்திருந்தும் மொழிபெயர்க்க வந்தவள் கண்டுபிடித்தது. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். படுங்கள்.

ஹேமலதா

*

சனக்புரி
8 அக்டோபர் 1978

ஏமலதாவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே உன் கண்டுபிடிப்பு வந்துவிட்டது. மல்கோத்திரா தந்தி கொடுத்திருந்தார். 'பேராசிரியர் காம்பர்சுகியின் அரிய சோவியத்து வகை. இந்தியாவில் இல்லாதது. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கண்டறியப்பட்டது. இரண்டாயிரம் குச்சிகள் வருகின்றன. ஏழாம் வரிசையை அக்டோபர் இருபதுக்குள் வேரோடு எடுத்து, குழி தோண்டி, எரு இட்டு ஆற விடவும்.'

எத்தனையோ வரிசை இருக்க, ஏழாம் வரிசை.

நூலகத்தில் மூன்று நாள் தேடினேன். அப்படி ஒரு பேராசிரியர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. திராட்சைக்காக இருபது ஆண்டு படித்தவனுக்குத் தெரியாத ஆள், மூன்று ஆண்டு மாலை வகுப்பில் மொழி படித்தவளுக்குக் கிடைத்திருக்கிறார். நல்லது. சந்தோசப்படு என்று எழுதியிருந்தாய். முடியவில்லை. எனக்கு வலிக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். உன் மடியில் வந்த கொடிகள் உன் வாயாலேயே போகின்றன.

எதிர்க் குறிப்பு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத என்ன இருக்கிறது? என் கொடி என்னுடையது என்பது ஒரு வாதமா? புதிய வகை உயர்ந்தது என்றால் பழையது வழிவிட வேண்டும். நானும் அறிவியல் படித்தவன்தான்.

தோட்ட வேலைக்காரர் சுப்பையாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ச் செடிங்கய்யா, என் கையால கடப்பாரை போட மாட்டேன்" என்றார். அவரைச் செய்யச் சொல்ல மாட்டேன். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை நானே எடுக்கிறேன்.

மல்கோத்திராவிடம் சொல், வரிசை தயாராக இருக்கும்.

இராசமாணிக்கம்

*

தந்தி (ஆங்கிலத்தில்)
கிஷினோவ், 17 அக்டோபர் 1978

காம்பர்ஸ்கி ஆள் இல்லை. காம்பர்க் என்பது ஹாம்பர்க். செடியைத் தொடாதீர்கள். ஹேமலதா.

*

கிஷினோவ்
18 அக்டோபர் 1978

பூங்கோதையின் அப்பாவுக்கு,

தந்தி இருபதாம் தேதிக்குள் கிடைத்துவிட வேண்டும். கிடைத்திருக்கும். கிடைக்காமல் போவதைப் பற்றி நான் நினைக்கப் போவதில்லை.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் உங்கள் மேல் கோபம் வந்தது. அதற்கப்புறம் வேலை இருந்தது, வருகிற குச்சிகளுக்கான ரஷ்யப் பட்டியலை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். மேஜையில் ஒரு பக்கம் உங்கள் கடிதம், ஒரு பக்கம் பட்டியல். கடிதத்தின் கடைசியில் உங்கள் 'மல்கோத்திரா' கிடந்தார். மல்ஹோத்ரா என்ற மனிதரை நீங்கள் க போட்டு மல்கோத்திரா ஆக்குகிறீர்கள், உங்களுக்கு ஹ ஆகாது. ரஷ்யர்களுக்கும் ஹ கிடையாது! முதல் வருட வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், ஹிமாலயத்தை அவர்கள் 'கிமாலாய்' என்பார்கள் என்று. பட்டியலைப் பார்த்தேன். முழுப் பெயர் போட்டிருந்தது: முஸ்கட் காம்பர்ஸ்கி. க இருந்த இடத்தில் ஹ போட்டுப் படித்தேன். ஹாம்பர்க். ஜெர்மனியில் இருக்கிற ஊர். ஹாம்பர்க் மஸ்கட்.

உங்கள் ஆம்பர்க்கு மசுகட்டு! ஆம்பூர் இல்லை! ரஷ்யர்கள் ஹ-வைக் க ஆக்கினார்கள், நீங்கள் ஹ-வை விழுங்கிவிட்டீர்கள், நடுவில் நான் ஒரு பேராசிரியரைப் பெற்றெடுத்தேன். தனியாக அறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் மாடிக் காவல்காரி வந்து கதவைத் தட்டினாள்.

தந்தியைக் கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் மல்ஹோத்ரா சாரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். "மிஸஸ் ராஜமாணிக்கம், ஆப் சிர்ஃப் டிரான்ஸ்லேட்டர் ஹைன்" என்றார், நான் வெறும் மொழிபெயர்ப்பாளராம். "அதனால்தான் சொல்கிறேன் சார், இது டிரான்ஸ்லேஷன் தப்பு. என் தப்பு" என்று பட்டியலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மந்திரி அலுவலகம்வரை 'இந்தியாவில் இல்லாத வகை' என்று எழுதியாயிற்று. பூசா ரோட்டில் சைக்கிளை நிறுத்தி உங்கள் ஆபீஸ் தோட்டத்தை எட்டிப் பார்த்தால் இருக்கிறது.

இன்று காலை தோட்டத்துக்கே போனோம். பறித்தது போகக் கொடியில் ஒரு கொத்து மிச்சம் இருந்தது. பழம் நம்முடையதைவிடப் பெரிசு, மேலே சாம்பல் பூத்திருந்தது. ஒன்றைக் கடித்தேன். எனக்கு மடியில் ஈரச் சாக்கு நினைவு வந்தது. மல்ஹோத்ரா சாரும் ஒன்றைக் கடித்துவிட்டு, விதையைக் கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "மதராஸி அங்கூர்" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவருக்கு இறங்கிவர ஒரு படி வேண்டியிருந்தது. நான் போட்டுக் கொடுத்தேன். 'உலக மதிப்புள்ள இவ்வகையின் தாய்க்கொடிகள் நமது பிரிவின் முன்யோசனையால் தில்லியிலேயே உள்ளன. ஏழாம் வரிசையைக் காக்கவும்' என்று ஒரு தந்தி எழுதி அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார், இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்கிறார். முன்யோசனை யாருடையது என்று நமக்குத் தெரியும். பெயர் அவருக்குப் போகும், செடி உங்களுக்கு நிற்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றபோது நான் செடியை எடுத்தேன். உங்களைக் கேட்க நேரம் இல்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி ஏரோஃப்ளாட் விமானத்தில் வருகிறேன். அதுவரை மாஸ்கோ தூதரக விலாசத்துக்கு எழுதுங்கள். திட்டுவதென்றாலும் எழுதுங்கள்.

ஹேமலதா

*

சனக்புரி
26 அக்டோபர் 1978

பெயர் போடாமல் தொடங்குகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் தந்தி பத்தொன்பதாம் தேதி மாலை வந்தது. வாங்கும்போது கையில் கடப்பாரை இருந்தது, மறுநாளைக்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்திருந்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூங்கோதை ஓடிவந்து, "அப்பா, கியா குவா?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பயந்துபோய்க் கேட்டாள். நான் சிரித்து அவள் பார்த்து நாளாயிற்று.

உடனே உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'பன்னீர் தெளிப்பார்களே, அந்த மணம்' என்று நீயே எழுதியிருக்கிறாய். பன்னீர் என்ற சொல்லே இருக்கிறது! உன் மூக்கை நம்புகிறேன் என்று பெருமையாக எழுதியவன், அது சொன்னதைப் படிக்கவில்லை. எனக்குக் கிடைக்காத பயணத்தில் உனக்குக் கிடைத்த பெயர்தான் கண்ணை மறைத்தது. பொறாமைதான். வேறு சொல் போட்டு மறைக்க மாட்டேன்.

ஆனால் தந்தி உன்னுடையது, உத்தரவு மல்கோத்திராவுடையது. மனைவி சொன்னாள் என்று உத்தரவை நிறுத்த அலுவலகத்தில் விதி கிடையாது. எனவே இருபதாம் தேதி காலை நான் கடப்பாரையை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தேன். 'வரவிருக்கும் வகையும் இருக்கும் வகையும் ஒன்றே எனத் தெரிகிறது. ஒன்றை எடுத்துவிட்டு அதையே நடுவது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று ஒரே ஒரு கேள்வி. கோப்பு மேலே போனது. சுப்பையா வந்து, "என்னங்கய்யா, எப்ப தோண்டணும்?" என்றார். கோப்பு இறங்கி வரட்டும் என்றேன். "ஏறுன கோப்பு இந்தச் சென்மத்துல இறங்காதுங்கய்யா" என்று நிம்மதியாகப் பீடி பற்றவைத்துக்கொண்டார். மல்கோத்திராவின் இரண்டாவது தந்தி இருபத்து மூன்றாம் தேதிதான் வந்தது. அதுவரை ஏழாம் வரிசையைக் காத்தது அந்தக் கேள்விதான். என் பேனா பயணத்தைப் பிடுங்கியது என்று எழுதியிருந்தாயே, அதை இனி கொஞ்சம் திருத்திக்கொள்.

உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாய். தயங்க வேண்டாம், சரியாகத்தான் செய்தாய். அவருடைய தந்தியை என் கேள்வி இருக்கும் கோப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். அதே கோப்பில் பதினோராம் பக்கத்தில் எழுபத்து நான்கில் நான் எழுதிய குறிப்பு இருக்கிறது. வகையின் பெயர், கம்பம், நட்ட நாள், எல்லாம். கீழே 'பார்த்தேன்' என்று மல்கோத்திராவின் கையொப்பம். முன்யோசனை யாருடையது என்று கோப்பைத் திறக்கிறவருக்கெல்லாம் தெரியும். அவரும் திறப்பார்.

வரிசைக்குப் புதுப் பலகை வைக்க உத்தரவு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதினார்கள். மூன்றாவது வரி தமிழில் எழுத நானே தூரிகையை வாங்கினேன். ஆம்பர்க்கு என்று தொடங்கப் போனேன், கை ஓடவில்லை. அந்த ஓர் எழுத்தை நான் விழுங்காமல் இருந்திருந்தால், செப்டம்பரிலேயே நீ கண்டுபிடித்திருப்பாய். மற்ற வடவெழுத்துகளைப் பற்றிய என் கொள்கையில் மாற்றம் இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறேன். பலகையில் 'ஹாம்பர்க்' என்று எழுதினேன்.

ஐந்தாம் தேதி பாலம் விமான நிலையத்துக்கு வருகிறேன். விமானம் இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். பூங்கோதை அட்டையில் உன் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று அடம் பிடித்தாள். தமிழில் எழுதுவதானால் சரி என்றேன். பென்சிலால் எழுதிக் கொடுத்தேன், அதன் மேல் அவள் சிவப்பு மை தீட்டினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, முதல் எழுத்துக்கே கால் மணி நேரம்.

"அப்பா, இது என்ன எழுத்து? நீங்க எனக்குச் சொல்லித் தரவே இல்லையே" என்றாள். முழு வாக்கியம், முழுக்கத் தமிழ்.

"அது உங்கம்மா எழுத்து" என்றேன்.

வந்து சேர், ஹேமலதா.

இராசமாணிக்கம்